பருப்பு ஏன் லேட்டாக வேகிறது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைத் தூரத்தில் கண்டாலே சிலர் குறுக்குப் பாதையில் இறங்கிவிடுகிறார்கள். கடன் கேட்பேன் என்ற பயம் இல்லை. "ஒம் மவன் ஓ.எல். முடிச்சிட்டுச் சும்மாதான இருக்கான்? ஒரு என்.வி.கியூ. கோர்ஸ்ல சேத்துவுடு" என்று ஆரம்பித்தால் லேசில் விடமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும். பீலிக்கரையில் பேசியிருக்கிறேன். பஸ்ஸில் பேசியிருக்கிறேன். மாரியம்மன் திருவிழாவில் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே பேசியிருக்கிறேன். ஒரு சாவு வீட்டில் இரண்டு பொடியன்களை மூலையில் பிடித்து வைத்துக்கொண்டு இதையே சொன்னதற்கு மாமியாரிடம் வாங்கியும் கட்டிக்கொண்டேன். நல்ல படம் பார்த்துவிட்டு வந்தவர் வாயை மூடிக்கொண்டா இருப்பார்?

நான் இப்படிக் கூவித் திரிவது தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றி. எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று துறையில் சான்றிதழ் எடுத்திருக்கிறோம். நான் சமையலில், என் வீட்டுக்காரர் மேசன் வேலையில், என் கடைசித் தங்கச்சி கம்பியூட்டரில். ஆகவே கேள்விப்பட்டதை வைத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டு அடுப்பும் சுவரும் மேசையும் சாட்சி.

வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும் என்று எல்லா விளம்பரமும் சொல்லும். அதுவும் உண்மைதான். ஆனால் என்னை மயக்கியது வேறொன்று. அங்கே 'ஏன்' என்று கேட்கலாம். கேட்டால் ஏச்சு விழாது, பதில் கிடைக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எவரும் காரணம் சொல்வதில்லை. இந்த மலைக்குப் போ, இத்தனை கிலோ எடு, இந்தப் பக்கம் கவ்வாத்து வெட்டு. அவ்வளவுதான். என் அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஏன் என்று அவருக்கு ஒருவரும் விளக்கியதில்லை.

எங்கள் ஊரான உடப்புசல்லாவையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இலங்கைத் தேயிலைக்கு ஏழு பிராந்தியங்கள் உண்டு. அதில் ஒன்று எங்கள் ஊர்ப் பெயரில்தான் விற்கிறது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை, ஹல்கரனோயா என்று வளைந்து வளைந்து வந்தால் எங்கள் டவுன். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை சின்ன ரயில் ஓடியது. 'உடப்புசல்லாவை லைன்' என்றே அதற்குப் பெயர். தேயிலைப் பெட்டி ஏற்றுவதற்கென்று வந்த அந்த ரயில் 1948இல் நின்றுபோனது. தேயிலை இன்றும் லொறியில் ஊர்ப் பெயரோடு உலகம் சுற்றப் போகிறது. பிள்ளைகளும் போகிறார்கள். பையன் கொழும்பில் கடையில் நிற்பான், பொம்பளைப் பிள்ளை யாரோ ஒரு வீட்டில் சமைக்கும். அங்கே அவர்கள் எவ்வளவு கற்றுக்கொண்டாலும் அதைச் சொல்ல ஒரு துண்டுத் தாள் கையில் இருக்காது. முதலாளி மாறினால் மறுபடியும் 'புதுப் பையன்'தான்.

அந்தத் தாள்தான் என்.வி.கியூ. முழுப் பெயர் தேசிய தொழில் தகைமை. மொத்தம் ஏழு மட்டம். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நான்காம் மட்டம் எடுத்தவர் பக்கத்தில் ஆள் நிற்காமல் தன் பொறுப்பில் வேலையை முடிக்கக்கூடியவர் என்று அர்த்தம். சான்றிதழின் தரத்தைப் பார்த்துக்கொள்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. பயிற்சி கொடுப்பது பல இடங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழிற்பயிற்சி அதிகார சபை, எல்லாரும் 'நைட்டா' என்று சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள், பதிவுசெய்த தனியார் நிலையங்கள். எங்கே படித்தாலும் மட்டம் ஒன்றுதான். இதுவே எனக்கு முதலில் பிடித்த விஷயம். கொழும்புப் பிள்ளைக்கு ஒரு நாலு, ராகலைப் பிள்ளைக்கு வேறொரு நாலு என்று கிடையாது.

சரி, இனி அடுப்படிக்கு வாருங்கள்.

நான் சேர்ந்தது நுவரெலியாப் பக்கத்தில் ஒரு நிலையத்தில். கல்யாணமாகிப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் வகுப்புக்கு நேரத்தோடு போகலாம். "கொழம்பு வைக்கத் தெரியாமயா இவ கோர்சுக்குப் போறா?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வாரம் அதே பேச்சு. எனக்கும் உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது. ஐம்பது பேருக்குத் தனியாகச் சமைத்திருக்கிறேன், இவர்கள் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

எங்களுக்குச் சொல்லித்தந்த சேர் பெரிய ஹோட்டல்களில் வேலை பார்த்து வந்தவர். முதல் வாரத்தில் "ஏதாவது கேக்கணுமா?" என்றார். நான் நெடுநாள் சந்தேகத்தை எடுத்துவிட்டேன். "சேர், கொழும்புல எங்க அக்கா வீட்டுல பருப்பு பொசுக்குனு வேகுது. இங்க வெறகு வெறகா வச்சாலும் வேக மாட்டேங்குது. அது ஏன்?"

விறகு ஈரம், பருப்பு பழசு, தண்ணீர் சரியில்லை என்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். சேர் சிரித்துவிட்டுப் பலகையில் ஒரு மலை வரைந்தார். அடியில் கடல். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். கொதித்த பிறகு எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பானையில் சூடு அதற்கு மேலே ஏறாது. தண்ணீர் ஆவியாகப் போவது மட்டும் வேகமாகும். பருப்புக்குக் கிடைப்பது அந்த 94 டிகிரிதான். ஆகவே நேரம் எடுக்கும். பிரஷர் குக்கர் ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதனால் உள்ளே சூடு 100ஐத் தாண்டுகிறது, பருப்பும் குழைகிறது.

எனக்குப் புல்லரித்துவிட்டது! எத்தனை மழைக்காலம் நனைந்த விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்திருப்போம்! கொதி வந்த பிறகு விறகைக் குறைத்திருக்கலாம். மூடி போட்டிருக்கலாம். பருப்பை முதல் நாளே ஊறவைத்திருக்கலாம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அக்காவிடமே இதை விளக்கினேன். அவர் ஹல்கரனோயாவில் இறங்கும்போது "அப்ப நாளைக்கே குக்கர் வாங்கிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பிரசாரத்தின் முதல் வெற்றி அதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு 'ஓகோ!'தான். கேக் ஏன் நடுவில் குழி விழுகிறது? எங்கள் உயரத்தில் அழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ் சுலபமாகப் பெரிதாகும். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ் உடைந்தால் நடுப்பகுதி உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். புத்தகத்தில் உள்ள அளவு கடலோரத்து ஆட்களுக்கு எழுதியது. பாண் மாவு ஏன் காலையில் எழும்ப மாட்டேன் என்கிறது? ஈஸ்ட் உயிருள்ளது, குளிரில் அது சோம்பிவிடும். குளிர் மாவைப் பின்னால் இழுக்கும், உயரம் முன்னால் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் சமாளிக்கத் தெரிந்தவர்தான் மலைநாட்டு பேக்கரிக்காரர். கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார் என்பார் சேர்.

கத்தி பிடிப்பதை மறுபடி முதலிலிருந்து படித்தேன். வெட்டுப் பலகையில் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கத்தியின் பக்கத்தை முட்டியில் சாய்த்து வெட்ட வேண்டும். கரட்டை 'ஜூலியன்' வெட்டினால் தீக்குச்சி மாதிரி மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. அதையே குறுக்கே வெட்டினால் 'புரூன்வா', குட்டிக் குட்டிச் சதுரம். சேர் அடிமட்டத்தை எடுத்து அளந்தே பார்ப்பார். இதென்ன கூத்து என்று நினைத்தேன். காரணம் சொன்னதும் அடங்கிவிட்டேன். ஒரே அளவாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். ஒன்று குழைந்து ஒன்று பச்சையாக நிற்காது. நுவரெலியாக் கரட்டையும் கந்தப்பளை லீக்ஸையும் பிறந்ததிலிருந்து தின்கிற எனக்கு, லீக்ஸின் பச்சைத் தண்டைக் குப்பையில் போடுவது பாவம் என்று அங்கேதான் தெரிந்தது. அந்தத் தண்டு, கரட் தோல், வெங்காயத்தின் வேர்ப்பக்கம் எல்லாவற்றையும் கழுவி மெதுவாகக் கொதிக்கவைத்தால் 'ஸ்டொக்'. அதுதான் பாதி சூப்புக்கும் சோஸுக்கும் அடித்தளம்.

சோஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுச் சமையலில் தாய்ச் சோஸ்கள் ஐந்து என்று கணக்கு. பெஷமெல், வெலூத்தே, எஸ்பான்யோல், ஓலந்தேஸ், தக்காளிச் சோஸ். இந்த ஐந்தும் கைவந்தால் மற்ற நூறும் அவற்றின் பிள்ளைகள்தான். பட்டரும் கோதுமை மாவும் சம நிறையில் எடுத்து வதக்கிப் பால் ஊற்றிக் கட்டி விழாமல் கிண்டினால் பெஷமெல். அதை வீட்டில் செய்து மகனுக்குக் கொடுத்தேன். மாமியார் தொட்டுப் பார்த்து, "மாவுக் கஞ்சிக்கு இவ்வளவு பேரா?" என்றார். ஆனால் அதையே மரக்கறியில் ஊற்றிச் சீஸ் தூவிச் சுட்டெடுத்ததும் தட்டைக் காலி செய்தவரும் அவரேதான்.

சுத்தம் பற்றிய பாடம் எல்லாவற்றையும்விட என் வீட்டை மாற்றியது. பலகைக்கு நிறம் இருக்கிறது. பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சலாதுக்குப் பச்சை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். சோறும் கறியும் ஒன்றில் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிராக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கக்கூடாது. மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டைச் சூட்டோடு மூடாமல் ஆறவிட்டுக் கட்டுவதா, சுடச்சுடக் கட்டுவதா என்று எங்கள் லயத்தில் பெரிய பட்டிமன்றமே வைத்தேன்.

கடைசியில் வந்தது விலைக் கணக்கு. ஒரு ரோல்ஸுக்கு மாவு எவ்வளவு, உருளைக்கிழங்கு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, கேஸ் எவ்வளவு. பொருட்செலவு விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கடை நிலைக்காது என்பது ஹோட்டல்காரர்களின் பொது வழக்கு. டவுனில் சோட்டீஸ் போடும் எத்தனையோ பேர் கை ருசிக்குக் குறைவில்லாமல் செய்தும் கையைக் கடித்துக்கொள்வது ஏன் என்று அன்று விளங்கியது. தராசு இல்லாத அடுப்படி எண்ணெய்ச் சட்டிக்குள் காசைப் போடுகிறது. இன்று நான் ஓடர் எடுத்து ரோல்ஸ், கட்லட், பேர்த்டே கேக் செய்து கொடுக்கிறேன். என் அடுப்படியில் முதலில் வாங்கிய சாமான் தராசு.

வகுப்பு முடிந்ததும் ஹோட்டலில் களப் பயிற்சி. "பொம்பளப் புள்ள ஹோட்டல் வேலைக்கா?" என்ற கேள்வி எழும்பத்தான் செய்தது. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட படத்தை எடுத்து அனுப்பினேன். அதை என் மாமனார் தோட்டம் முழுக்கக் காட்டிவிட்டார். ஏப்ரல் சீசனில் நுவரெலியா நிரம்பி வழியும். அந்தச் சமையலறையின் ஓட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொருவருக்கும் இடம் இருக்கிறது, ஒவ்வொரு இடத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. சத்தம் வரும், அவசரம் வரும், ஆனால் 'ஏன் இந்த உப்பு' என்று கேட்டால் அந்த நெருக்கடியிலும் ஒருவர் பதில் சொல்வார். கந்தப்பளை மேட்டில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் கொழுந்து கொண்டுபோய்க் கொட்டிய மாதிரியான ஒரு கட்டிடம். கொழுந்து வாடப்போட்ட தட்டுகளில் இன்று விருந்தாளிகள் தூங்குகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் பிள்ளைகள் செஃப் தொப்பியோடு நிற்பதைவிடப் பொருத்தமான காட்சி எது?

இனி என் வீட்டுக்காரர் கதை. அவர் வகுப்புக்கே போகவில்லை! அதுதான் இந்த ஏற்பாட்டிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

அவர் சித்தப்பாவுக்குக் கோலயாவாக நின்று தொழில் பழகியவர். எல்லாருக்கும் அவர் 'மேசன் பாஸ்'. ஆனால் டவுனில் ஒரு கொன்ட்ராக்ட்காரர் "என்ன சர்டிபிகேட் இருக்கு?" என்று கேட்டால் கையைத்தான் காட்ட வேண்டும். கையில் தொழில் இருப்பவருக்கு அதைச் சோதித்துப் பார்த்தே சான்றிதழ் கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. முன் அனுபவத்தை அங்கீகரிப்பது. விண்ணப்பம் போட வேண்டும், செய்த வேலைகளின் படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் சேர்த்து ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும், பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். கோப்புத் தயாரித்தது நான். அவருடைய போனில் கிடந்த படங்களில் பாதி சுவர், பாதி கிரிக்கெட். கிரிக்கெட்டைப் பிரித்தெடுக்கவே ஒரு இரவு போனது.

மதிப்பீட்டன்று மூலை எடுக்கச் சொன்னார்களாம். மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று நூல் பிடித்துச் சரியான செங்கோணம் எடுத்திருக்கிறார். எப்போதும் செய்வதுதான். பள்ளிக்கூடத்தில் பைதகரஸ் தேற்றம் என்று அவர் பயந்து ஓடிய கணக்கு அதுதான் என்று மதிப்பீட்டாளர் சொன்னபோது வாயைப் பிளந்தாராம். "அந்தக் கணக்கா இது? அத நான் இருவது வயசுலருந்து போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்!" தாங்கு சுவரில் ஓட்டை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "மண்ணு தண்ணிய குடிச்சா கனத்துப் போயிரும். தண்ணி வெளிய வர வழி இல்லாட்டி செவுத்தத் தள்ளிக்கிட்டு வந்துரும்" என்றாராம். அந்தப் பதிலுக்கு மதிப்பீட்டாளர் தலையாட்டியதை இன்றைக்கும் எங்களுக்கு நடித்துக் காட்டுவார்.

அந்த மதிப்பீட்டில் அவர் புதிதாகக் கற்றுக்கொண்டதும் உண்டு. சாந்து இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கொங்கிறீட்டில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது. சீமெந்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் போன தண்ணீர் காய்ந்ததும் அந்த இடம் ஓட்டையாகிவிடும், பலம் குறைந்துவிடும். போட்ட கொங்கிறீட்டைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். அது காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. முழுப் பலத்தை அளப்பது 28ஆம் நாளில். இப்போது அவர் சிலாப் போட்ட வீட்டுக்குச் சாயங்காலம் நனைத்த சாக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வீட்டுக்காரர்களுக்கும் ஏன் என்று விளக்குகிறார். இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை, பாருங்கள்.

மலையகத்தில் இது சும்மா பெருமைக்கான அறிவு இல்லை. இந்திய உதவித் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. முதலில் 4,000. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி பேசியபோது மேலும் 10,000 அறிவித்தார். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்ல மேசன் வேண்டும், நல்ல வயரிங் பாஸ் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் கேட்பது தாங்கு சுவரையும் தண்ணீர் போகும் காணையும் பற்றித்தான். மலைச்சரிவில் வாழும் எங்களுக்குக் காரணம் தெரிந்த மேசன் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

தங்கச்சியின் கம்பியூட்டர் கதை எனக்குப் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதியே போதும், அதையும் நான் விளம்பரம் செய்கிறேன். டவுனில் தமிழ் டைப் பண்ணிய கடிதத்தை வேறொரு இடத்தில் திறந்தால் ஏன் புரியாத இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது? 'பாமினி' மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் தமிழ் வேஷம் போட்டவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுக்கச் செல்லும் சொந்த எண்கள் இருக்கின்றன. அரச அலுவலகங்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகைதான் தரம். அவள் இப்போது அதில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாள். பிரதேச செயலகத்துக்குப் போகும் எங்கள் லயத்துக் கடிதங்கள் எல்லாம் அவள் கையால் போகின்றன.

ஆனால் அவள் செய்ததில் உச்சம், அம்மாவின் சம்பளச் சீட்டைக் கணக்குத் தாளில் ஏற்றியதுதான். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கிலோ, நாட்சம்பளம் எவ்வளவு. 2021இல் 1000 ரூபாய் ஆனதும் 2024இல் 1350 ஆனதும் எங்கே மாறுகிறது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, நிர்வாகத்தின் பங்கு 12, நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் போடுவது 3. பிறகு அட்வான்ஸ், தேயிலைத்தூள், சங்கச் சந்தா, கோயில் காசு. எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். ஒரு நாளைக் கூட்டினால் கீழே மொத்தம் தானாக மாறுகிறது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "அந்தக் கட்டம் ஏன் இந்த மாசம் கூடியிருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டார். என் அம்மா! சம்பளச் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத என் அம்மா! அடுத்த மாதத்திலிருந்து பக்கத்துக் காம்பரா அத்தைகளும் சீட்டோடு வந்து வரிசையில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நான் விசாரித்த ஒரு நிலையத்தில் நான் கேட்ட பாடநெறி சிங்களத்தில் மட்டும்தான். பாடம் விளங்காமல் இடையில் நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். தமிழில் சொல்லித்தரக்கூடிய ஆசிரியர்களை இன்னும் எடுக்க வேண்டும், அதற்கு எங்கள் பிள்ளைகளே மேல் மட்டங்களை எடுத்து ஆசிரியர்களாக வர வேண்டும். பஸ் செலவும் சின்ன விஷயம் இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், 'படிப்பு ஏறாதவன் போற எடம்' என்ற வாய்ச்சொல். ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடம் கிடைத்தும் கெம்பஸ் கிடைக்காமல் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பது கௌரவம், தச்சு படிப்பது அவமானமா? இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்துவிட்டது. நான்காம் மட்டத்தில் தொடங்கியவர் ஏழாம் மட்டத்துப் பட்டம் வரை போகலாம். 2017இலிருந்து 13 வருட உத்தரவாதக் கல்வி என்று பாடசாலைக்குள்ளேயே தொழிற்பிரிவும் வந்திருக்கிறது. பாதை போட்டாயிற்று, நடக்கத்தான் வெட்கம்.

இது எங்கேயோ புதிதாக முளைத்ததும் இல்லை. கொழும்பு மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி 1893இலேயே வந்துவிட்டது. இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் 1959இல், ஹோட்டல் பாடசாலை 1964இல். கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால், புதுச்சேரியிலும் சென்னையிலும் 1990களின் நடுவில் 'சமுதாயக் கல்லூரி' என்று தொடங்கினார்கள். பள்ளியை இடையில் விட்டவர்களையும் பெண்களையும் கூப்பிட்டு வைத்துத் தொழிலும் தன்னம்பிக்கையும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த முறை தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எங்கள் மலையிலும் ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மஸ்கெலியாவில் 'டீ லீஃப் விஷன்' தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கம்பியூட்டரும் சேர்த்து இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. எங்களுக்கு எல்லாம் பிந்தித்தான் வரும். வந்ததைப் பிடித்துக்கொள்வதில் மட்டும் பிந்தக்கூடாது.

ஆகவே இதை வாசிக்கும் அக்கா, தம்பி, மச்சான், மாமா எல்லாருக்கும் நேரடியாகவே சொல்கிறேன். வழமையாக ஆண்டுக்கு இரண்டு தடவை ஆட்களைச் சேர்ப்பார்கள், பத்திரிகையிலும் பிரதேச செயலகத்துப் பலகையிலும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே ஒரு பையில் போட்டு வையுங்கள். சேர்வதற்கு முன்னால் அந்த நிலையம் பதிவானதா, அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டா, தமிழில் நடக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். படத்தைக் காட்டிப் பணம் பிடுங்கும் இடங்களும் இருக்கின்றன. கை நிறையத் தொழில் வைத்துக்கொண்டு தாள் இல்லாமல் இருக்கும் பாஸ்மார்களே, உங்களுக்கு வகுப்பே வேண்டாம், போனில் இருக்கும் படங்களைச் சேர்த்து வையுங்கள், கோப்பை நான் கட்டித் தருகிறேன். கிரிக்கெட் படங்களை மட்டும் நீங்களே பிரித்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு ஒன்றே ஒன்று. முதல் வாரத்திலேயே கையைத் தூக்கி ஒரு 'ஏன்' கேளுங்கள். சின்னப் பிள்ளையிலிருந்து மனதில் கிடக்கும் எந்தக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் கிடைத்த அன்றைக்கே நீங்களும் என்னை மாதிரி ஆகிவிடுவீர்கள். பிறகு உங்களைக் கண்டும் ஊரில் நாலு பேர் குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். விடாதீர்கள், பின்னாலேயே போய்ப் பிடியுங்கள்!